வாரத்துக்கு ஒரு வார்த்தை

எங்கள் எதிர்வீட்டு அங்கிள் தனக்கு வேண்டாத பொருளைக் குப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை. துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, யாருக்கு உபயோகப்படும் என்று இரண்டு நாள் யோசித்து, அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். கூடவே ஒரு தாள் இருக்கும். மூன்றாம் மாடி டீச்சரம்மாவுக்கு ஓவனைக் கொடுத்தபோது எழுதிய தாளை நான் படித்திருக்கிறேன். 'இடது பக்கம் சூடு கொஞ்சம் அதிகம். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கவும். கதவை அறைந்து சாத்தக் கூடாது.' முத்து முத்தான கையெழுத்து. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர்கூட இவ்வளவு சொல்லமாட்டார் என்று நான் கிண்டல் செய்தேன். அப்போது எல்லாவற்றையும் கிண்டல் செய்ய முடிந்தது.

கிள்ளானில் அது ஒரு பழைய அடுக்குமாடி. ஏழாவது மாடியில் எங்கள் கிரில் கதவைத் திறந்தால் அவர்கள் கிரில் கதவுதான். நான் போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கிளார்க். என் கணவருக்கு ஷிப்ட் வேலை. எனக்குப் பேச்சுத் துணை அங்கிளின் மனைவிதான். ஆன்டி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "நான் என்ன உங்கம்மா வயசா? அக்கான்னு கூப்பிடு" என்றார் முதல் நாளே. அவரை ஆன்டி என்று கூப்பிட வேண்டிய வயதுதான் எனக்கு. ஆனாலும் அக்கா ஆகிவிட்டார். அங்கிள் மட்டும் அங்கிளாகவே இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அங்கிள் அறுபதில் ஓய்வு பெற்றார். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் கீழே இறங்கி, மாமாக் டீக்கடையில் தே தாரிக் டம்ளரை வைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுவார்கள். இவர் மறுவாரமே அடுக்குக் கேக் செய்யக் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். சரவாக்கில் செய்வார்களே, ஒவ்வொரு அடுக்காக ஊற்றி ஒவ்வொரு அடுக்காகச் சுட்டெடுப்பது, அந்தக் கேக். பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலை வைத்து அடுக்குகளை அளப்பார். ஒரு கோடு கோணலாக இருந்தால் முழுக் கேக்கும் தோல்வி. தோற்ற கேக்கெல்லாம் அக்காவும் நானும் தின்று தீர்த்தோம். அந்த வருஷத் தீபாவளிக்கு ஒரு கேக்கை வெட்டினார். எல்லாக் கோடும் நூல் பிடித்த மாதிரி வந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான் லா, பிடிபட்டுருச்சு" என்றார். மறுவாரம் ஓவன் மூன்றாம் மாடிக்கு இறங்கியது.

அப்புறம் கீபோர்ட். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் வகுப்புக்குப் போனார். கோயில் பஜனையில் ஒரு பாட்டைத் தப்பில்லாமல் வாசித்த அன்று அதுவும் பிடிபட்டுவிட்டது. கீபோர்டைப் பேப்பர் சுற்றிக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார், தாளோடு. அப்புறம் கண்ணாடித் தொட்டியில் விசிறி வால் மீன்கள். தனக்கு வேண்டிய வண்ணத்தில் வால் விரிகிற குஞ்சு பிறந்ததும் அதுவும் முடிந்தது. ஆனால் மீனை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவை அக்காவின் கைக்கு வந்தன. காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை என்று தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, அக்காதான் அவற்றை வாழவைத்தார்.

எங்கள் மாடியில் இதற்குக் காய்ச்சல் என்று பெயர். "இந்த மாசம் அங்கிளுக்கு என்ன காய்ச்சல்க்கா?" என்று கேட்பேன். "இன்னும் கீபோர்ட் காய்ச்சல்தான். இறங்குற மாதிரி இருக்கு" என்பார் அக்கா.

வேலையிலும் இதே கதைதான் என்று ஒரு நாள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னார். ரயில்வேயில் சிக்னல், துறைமுகத்தில் கிரேன், கொன்டேனர் லோரி, காப்புறுதி ஏஜென்ட், பள்ளிக்கூட வேன், கடைசியில் குடோன் சூப்பர்வைசர். எங்கிருந்தும் அவரை யாரும் துரத்தவில்லை. "சிக்னல் ரூம்ல மூணாவது வருஷம். ஒரு நாள் வந்து, பிடிபட்டுருச்சுன்னார். மறுநாள் கடுதாசி எழுதிக் குடுத்துட்டார். நல்ல மனுசன்மா. கைக்கு வராத வரைக்கும் சோறு தண்ணி தெரியாது. வந்துட்டா திரும்பிப் பாக்கமாட்டார்."

"உங்கள மட்டும் எப்படிக்கா விடாம வச்சிருக்கார்?"

அக்கா சிரித்தார். "நான் இன்னும் பிடிபடல போல."

இதைச் சொல்லி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் அங்கிள் எங்கள் கிரில்லைப் பிடித்து உலுக்கினார். "தங்கச்சி, அக்கா பாத்ரூம்ல விழுந்துட்டா." வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். சக்கர நாற்காலியில் வீட்டுக்குத் திரும்பியபோது தொட்டியில் ஒரு மீன்கூட உயிரோடு இல்லை. தீனி போட வேண்டும் என்று அங்கிளுக்கும் தோன்றவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை. அக்கா தொட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அங்கிளுக்கு வந்த காய்ச்சல், அக்கா.

அப்படி ஒரு கவனிப்பை நான் எங்கேயும் கண்டதில்லை. சுவரில் வெள்ளைப் பலகை மாட்டினார். காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நேரம் போட்டு எழுதினார். கிரில்லின் மேல்கம்பியில் ஒரு கப்பியைக் கட்டி, கயிறு கோத்து, நல்ல இடது கையால் இழுத்தால் செத்த வலது கை தானாக மேலே போகும்படி செய்தார். மருத்துவமனைப் பயிற்சியாளரிடம் அவர் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து பதில் சொன்னாளாம். பேச்சுக்கு அட்டைகள் செய்தார். பேரங்காடி விளம்பரத் தாள்களிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி, அரிசி, பால், மீன், கதவு என்று நூற்றுக்கணக்கில். ஒரு வார்த்தை வந்தால் பலகையில் ஏற்றுவார். அதைக் கைப்பேசியில் படமெடுத்து, 'நாள் 61' என்று எங்கள் அடுக்குமாடி வாட்சப் குழுவில் போடுவார். எல்லாரும் கும்பிடும் கைகளை அனுப்புவார்கள். பெண்கள் அவரவர் கணவரைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். "நான் படுத்தா நீங்க இப்படிப் பாப்பீங்களா?" என்று என் கணவரைக் கேட்டேன். அவர் பாவம், தூங்கிக்கொண்டிருந்தார்.

பலகையின் அடிவரியில் சிவப்பு மையில் 'ஏங்க' என்று எழுதியிருந்தது. அக்கா அவரை அப்படித்தான் கூப்பிடுவார். அந்த வார்த்தைக்கு அட்டை கிடையாது. "அது எப்ப வருதோ, அன்னிக்கு ஜெயிச்சேன்" என்பார் அங்கிள்.

மாலையில் நான் வேலை முடிந்து வந்ததும் அங்கிள் முக்கால் மணி நேரம் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவார். அந்த நேரம் அக்காவுக்கு நான் துணை. ஒரு நாள் மைலோ கலக்க அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று கைப்பேசியில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு வழக்கம்.

"பால் பொங்குது."

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அணைத்த பிறகுதான் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது உறைத்தது. திரும்பினேன். அக்கா இடது கை விரலை உதட்டின் மேல் வைத்திருந்தார்.

"அக்கா. எப்பலேருந்து?"

"ரெண்டு மாசம்." கொஞ்சம் குழறியது. ஆனால் தெளிவாக விளங்கியது.

"அங்கிள்கிட்ட ஏன் சொல்லல? எவ்வளவு சந்தோஷப்படுவார்."

"படுவார்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்புறம்?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மனிதர் ராப்பகலாகப் பாடுபடுகிறார், இது என்ன கூத்து என்று கத்திவிட்டேன். அக்கா என்னைக் கத்த விட்டார். பிறகு காலியாகக் கிடந்த மீன் தொட்டியைக் கண்ணால் காட்டினார். நான் பால் பாத்திரத்தை எடுத்து மைலோ கலக்க ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து அங்கிள் டீ குடிக்கப் போகும் முக்கால் மணி நேரமும் நாங்கள் பேசினோம். நான் வளவளக்க, அக்கா சின்னச் சின்னதாகப் பதில் சொல்வார். வாரத்துக்கு ஒரு வார்த்தை என்று கணக்கு வைத்திருந்தார். வரப்போகும் வார்த்தைகளை முன்கூட்டியே என்னிடம் சொல்வார். "அடுத்த வாரம் தண்ணி. கதவு இப்ப வேணாம், இருக்கட்டும்." வீட்டில் அரிசி குறைந்தால் அளந்து போடுவோமே, அப்படி அளந்தார். சில வாரம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். அங்கிள் விட்டுவிடாமல் பொறுமையாகத் திருத்துவார். திருத்தும்போது முழங்கால் முழங்காலில் இடிக்க எதிரே உட்கார்ந்து, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் தன் முகத்தை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்றார் அக்கா. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. கோணிய வாயோடு வெட்கப்பட்ட அந்த முகத்தைப் பார்த்து நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

"ரொம்பக் கெட்டிக்காரியாவும் இருக்கக் கூடாது. ரொம்ப மக்காவும் இருக்கக் கூடாது" என்றார் ஒரு நாள். "வரவே வராதுன்னு தெரிஞ்சாலும் விட்டுருவார்."

இதன் முதல் பாதியை நான் மறக்காமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா விழுந்த எட்டாம் மாதம் இரண்டாவது பாதிதான் நடந்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, வரவேண்டியது இவ்வளவுதான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரம் பலகையில் மூன்று நாள் தேதி மாறவில்லை. அங்கிளோடு லோரியில் வேலை செய்த மலாய்க்கார நண்பர் ஒருவர் மெர்போக் வளர்க்கிறார். சிறிய புறா அது. உயரமான கம்பத்தில் கூண்டை ஏற்றி, எந்தப் பறவை நன்றாகக் கூவுகிறது என்று போட்டி வைப்பார்கள். அங்கிள் சோறு உண்ணும்போதும் கைப்பேசியில் அந்தக் கூவலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அட்டைகளைக் காட்டும்போதுகூட ஒரு காதில் அது இருந்தது.

அக்கா பயந்துவிட்டார். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் இறக்கினார். ஒரே வாரத்தில் கதவு, ஜன்னல், விளக்கு மூன்றும் சொன்னார். அங்கிள் தலை நிமிராமல், "ம், நல்லது" என்று எழுதிக்கொண்டார். வாட்சப்பில் படம் வரவில்லை. அன்று மாலை அக்கா என்னிடம் ஒன்றுமே பேசவில்லை. இடது கை மட்டும் மடியில் இருந்த பயிற்சிப் பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தது.

என் வாய் சும்மா இருக்காது என்பது எங்கள் மாடிக்கே தெரியும். மறுநாள் கீழே லிஃப்ட்டுக்காக நிற்கும்போது அங்கிள் பக்கத்தில் வந்து நின்றார். கையில் பறவைத் தீனி மாதிரி ஒரு சிறிய பொட்டலம். அதைப் பார்த்ததும் இவரை எப்படியாவது பிடித்து நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"அங்கிள், அக்காவுக்குப் பேச்சு வருது."

"வருது மா. நாப்பத்தோரு வார்த்தை. இனி பெருசா வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"இல்லங்கிள். எல்லாம் வருது. என்கிட்ட முழுசா பேசுறாங்க. நேத்துகூடப் பேசுனாங்க." பேசினாரா என்ன? நேற்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் முகம் மாறியதை நான் மறக்கவே முடியாது. கேக்கின் முதல் கோடு நேராக வந்தபோது இருந்த அதே முகம். "நெசமாவா?" என்று லிஃப்ட் பொத்தானை விடாமல் அழுத்தினார். ஒரு நிமிஷம் நான் பெரிய காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

வீட்டுக்குள் போனதும் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பேசு. தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. பிறகு அவர் பக்கம் திரும்பினார். ஒளித்து வைக்க இனி ஒன்றுமில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

"ஏங்க. டீ குடிச்சீங்களா?"

அங்கிள் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கிள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையிடம் போனார். நாப்பத்தோரு வார்த்தைகளையும், நேர அட்டவணையையும், சிவப்பு மையில் இருந்த கடைசி வரியையும் ஈரத் துணியால் ஒரு பொட்டில்லாமல் துடைத்தார்.

"அவ்வளவுதான் லா" என்றார். "பிடிபட்டுருச்சு."

அந்த வாரமே மெர்போக் வந்துவிட்டது.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் கெட்டவர் இல்லை. வேளாவேளைக்கு அக்காவுக்குச் சோறு ஊட்டினார், குளிப்பாட்டினார், மாத்திரை கொடுத்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. குரல் உயர்த்தவில்லை. ஆனால் எதிரே வந்து உட்காரவில்லை. பயிற்சி நின்றதும் கால் விறைத்தது. வலது கை மறுபடி மடங்கிக்கொண்டது. "பயிற்சியெல்லாம் செய்யலயா அங்கிள்?" என்று கேட்டேன். "அதான் வந்துருச்சே மா. இனி அவளே செய்யலாம்" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். அடுத்த மாதம் கோயிலில் மேடையேற்றி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றாகப் பேசினார். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். பொன்னாடையைக் கொண்டுவந்து மெர்போக் கூண்டுக்கு வெயில் மறைப்பாகப் போட்டார். துணி நல்ல கனமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அக்காவுக்கு இடியாப்பம் எடுத்துக்கொண்டு போனேன். கிரில் திறந்திருந்தது. அக்காவின் கையைத் தூக்குவதற்காகக் கட்டிய அந்தக் கப்பியில்தான் இப்போது கூண்டு தொங்கியது. கயிற்றை இழுத்தால் கூண்டு மேலே வெயிலுக்குப் போகும், விட்டால் கீழே வரும். நல்ல ஏற்பாடு. அங்கிள் ஒரு முக்காலியில் முழங்கால் கூண்டில் இடிக்க உட்கார்ந்து அதன் அலகையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் நோட்டுப் புத்தகம். எத்தனை முறை கூவியது, எவ்வளவு நேரம் இழுத்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குப் பின்னால், நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும்.

"ஏங்க" என்றார் அக்கா.

அங்கிள் திரும்பவில்லை. விரலை உதட்டின் மேல் வைத்து, "ஷ்... கூவப் போகுது" என்றார்.

நான் இடியாப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்காவை நிமிர்த்தினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பறவை கூவியது. அழகாகத்தான் கூவியது. அதற்குப் பிறகு அக்கா பேசி நான் கேட்கவில்லை. மாலை முக்கால் மணி நேரத்திலும் பேசவில்லை. பேச முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டாரா, எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்கக்கா என்று எத்தனையோ தடவை சொன்னேன். கையைத் தட்டிக்கொடுப்பார், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து செராஸிலிருந்து அக்காவின் தங்கை பார்க்க வந்தார். படுக்கை மாற்றும்போது இடுப்பில் புண்ணைப் பார்த்துவிட்டார். வெளியே வந்து, "மாமா, அக்கா கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்" என்றார். அங்கிள் மறுக்கவில்லை. உடனே சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு போன் செய்து, "உன்கிட்ட நல்லா இருப்பா" என்றார்.

கார் வந்த அன்று வீடு முழுக்கப் பழைய பேப்பர் கிடந்தது. பந்து, அட்டைகள், மாத்திரை டப்பா, வெள்ளைப் பலகை என்று ஒவ்வொன்றையும் துடைத்துச் சுற்றிக் கட்டியிருந்தார். கொழுந்தியாளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். கூண்டில் பறவை ஏதோ கூவிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அவர் அதைக் கவனிக்கவில்லை.

பெட்டியை நான்தான் கீழே கொண்டுபோனேன். தாள் மேலேயே செருகியிருந்தது. லிஃப்ட்டில் படித்தேன். அதே முத்து முத்தான கையெழுத்து. 'காலை ஆறு மணிக்கு மாத்திரை. வலது பக்கம் சரியும், தலையணை வைக்கவும். சோறு குழைவாக இருக்க வேண்டும். தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.'

கடைசி வரி சிவப்பு மையில் இருந்தது.

'ஏங்க என்று கூப்பிடுவாள். உடனே பதில் சொல்லவும்.'